கவுசுவே கடையில் கை நனைக்காமல்

கந்தவேலுவுக்குச் சந்தேகம் என்பது கூடப் பிறந்த குணம். வில்பட்டியில் விதைப்பூண்டு விற்க வருகிறவன் முதல் ஓடு மாற்ற வருகிற கொத்தன் வரைக்கும், மூன்று கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் வாசலைத் தாண்டியவன் கிடையாது. மழை பெய்தால்கூட வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் மழை என்று ஒப்புக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரிடம் போய்த் தரகர் பொன்னுச்சாமி, "மாப்பிள்ளைகிட்ட கொறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்லீங்க" என்று சொன்னது பெரிய தப்பு. குறையே இல்லாத மாப்பிள்ளை உலகத்தில் இருக்க முடியாது என்று கந்தவேல் அந்த நிமிஷமே முடிவுகட்டிவிட்டார்.

மாப்பிள்ளையின் பெயர் குமாரவேல். பூர்வீகம் பழனி, பிறந்து வளர்ந்தது ரங்கூன். அறுபத்து நாலில் அங்கே கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது கப்பலேறி வந்தவர்களில் ஒருத்தன். இரண்டு வருஷமாகக் கொடைக்கானலில் ஏரிக்கு இறங்குகிற சரிவில் கடை வைத்திருக்கிறான். கவுசுவே என்று ஒரு பர்மாப் பண்டம். கோதுமை மாவை நூல் நூலாக இழுத்து, வேகவைத்து, கிண்ணத்தில் போட்டுக் கோழிச்சாறு ஊற்றிக் கொடுப்பது. கடையில் அது ஒன்றுதான் கிடைக்கும். இட்லி கேட்டாலும் இல்லை, டீ கேட்டாலும் இல்லை.

"ஒரே ஒரு பண்டத்தை மட்டும் விக்கிறவன் என்னத்தையோ மறைக்கிறான்" என்றார் கந்தவேல் மகளிடம்.

கண்மணி பூண்டைத் தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். "பூண்டை மட்டும் வெளைய வைக்கிற நீங்க என்னத்தங்கய்யா மறைக்கிறீங்க?"

அவளுக்கு இருபத்திரண்டு வயசு. தாயில்லாத பெண், ஒரே பிள்ளை. இந்த ஒரு காரியத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாதே என்கிற பயம் அவருக்கு உயிர்ப்பயமாக இருந்தது. பூண்டில் ஏமாந்தால் அடுத்த போகத்தில் சரிக்கட்டிவிடலாம். பெண்ணைக் கொடுத்து ஏமாந்தால் எதைக் கொண்டு சரிக்கட்டுவது?

மாப்பிள்ளை வீட்டுக்குப் போகலாம், உட்காரலாம், பேசலாம். ஆனால் சம்மதம் சொல்கிற வரைக்கும் பெண் வீட்டார் அங்கே கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பெண்ணைக் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்த மாதிரி. இதில் கந்தவேல் ஒரு சந்து கண்டுபிடித்தார். வீடு வேறு, கடை வேறு. கடையில் யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம், அதற்கு முறை ஏது? போவோம், தின்று பார்ப்போம், இன்னாரென்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூண்டைப் போட்டுவிட்டு, மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். தகரக் கொட்டகைதான். நான்கு பெஞ்சு, ஒரு பெரிய அடுப்பு, அதன்மேல் ஆள் உட்காரலாம் போல ஒரு அண்டா. அடுப்புக்குப் பின்னால் நின்றவன் முப்பது வயசிருப்பான். ஒல்லியான ஆள், சுத்தமான பனியன். மூங்கில் வடிகட்டியில் நூலை அள்ளி வெந்நீரில் முக்கி, ஒரு உதறு உதறிக் கிண்ணத்தில் கவிழ்த்தான். மேலே சாறு, பாதி முட்டை, பொரித்த பூண்டு, கொத்தமல்லி. எலுமிச்சையை ஒரு பிழி. அவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது.

"சாறு ஏன் இப்படி வெள்ளையா இருக்கு?" என்றார் கந்தவேல் நின்றபடியே.

"எலும்பை ராப்பூரா கொதிக்க விடுறோங்க."

"என்ன எலும்பு?"

"கோழிங்க."

"எந்தூருக் கோழி?"

அவன் தலையை நிமிர்த்தி ஒரு தரம் பார்த்தான். பிறகு, "உக்காருங்க" என்றான்.

உட்கார்ந்தார். பசி வயிற்றைக் கிள்ளியது. பொரித்த பூண்டின் வாசனை வேறு. அது தன் மலைப் பூண்டுதான் என்று அவர் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் கிண்ணத்தை வாயோடு வைத்து உறிஞ்சினான். எதிரே புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, நூலைத் தூக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பிறகு வந்த மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக் கிண்ணம் வந்துவிட்டது. வாத்தியாருக்குப் பிறகு வந்த போஸ்ட்மேனுக்கும் வந்துவிட்டது. கந்தவேலுவுக்கு மட்டும் வரவில்லை.

"ஏப்பா, எனக்கு?"

"கொஞ்சம் இருங்கய்யா."

போஸ்ட்மேன் சாப்பிட்டு முடித்துப் போயே போய்விட்டார். மறுபடி கேட்டார். மறுபடி அதே 'கொஞ்சம் இருங்க'. கந்தவேலுவின் மண்டைக்குள் சந்தேகம் புழுப் போல நெளிந்தது. ஊரெல்லாம் தின்கிறது, எனக்கு மட்டும் ஏன் இல்லை? பூண்டுக்காரன் நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று பயப்படுகிறானா? அந்த அண்டாவுக்குள் அப்படி என்னதான் கெடக்கு?

குமாரவேல் தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போன சமயம் பார்த்து எழுந்தார், மூடியைத் தூக்கினார். கோழி எலும்பு. இஞ்சி. முழுசாக நாலு வெங்காயம். ஒரு முள்ளங்கி. கரண்டியை விட்டு அடிவரைக்கும் கிளறிப் பார்த்தார். வேறொன்றும் இல்லை. அது அவரை இன்னும் கலங்கடித்தது. பானையில் இல்லையென்றால் குற்றம் ஆளிடம்தான் இருக்க வேண்டும்.

கடைசி ஆளும் போன பிறகு குமாரவேல் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

"வில்பட்டி கந்தவேல் ஐயாதானுங்களே?"

கந்தவேல் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். "யாரு சொன்னது?"

"உக்காருறதுக்கு முந்தி மூணு கேள்வி கேப்பாருன்னு தரகரு சொல்லியிருந்தாருங்க." அவன் சிரிக்கவில்லை. "மத்தவங்களுக்கு இது கடை. உங்களுக்கு இது என் வீடு. இந்தத் தட்டிக்குப் பின்னாடிதான் நான் படுக்கிறேன், வேற வீடு எனக்குக் கெடையாது. இங்க சாப்பிட்டுட்டு அப்புறம் பொண்ணு இல்லைன்னு சொன்னா உங்களுக்கும் மனசு கஷ்டம், எனக்கும் கஷ்டம். அதான் கிண்ணம் வைக்கலீங்க. ஒரு விஷயம் சொல்லணும். கேட்டுட்டு, சரின்னா சாப்பிடுங்க."

சொன்னான். ரங்கூனில் அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள். பர்மாக்காரி. ஆறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள், பிள்ளை இல்லை. கடை போனது. அவன் கப்பலேறினான், அவள் வரவில்லை. புறப்படுவதற்கு முன்னால் பெரியவர்களை வைத்து விலகிக்கொண்டதாக எழுதி வாங்கியாயிற்று. தரகரிடம் இதைச் சொன்னதற்கு, அதையெல்லாம் ஏன் வெளியே விடுகிறாய் என்று அவர் இவன் வாயை அடைத்துவிட்டார்.

தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தையும் எடுத்துக் காட்டினான். ஜாங்கிரி பிழிந்த மாதிரி வட்டவட்டமாக எழுத்து. கந்தவேல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். ஒரு எழுத்து விளங்கவில்லை. ஆனால் கேட்காமலே தன் குறையைத் தானே எடுத்து வைத்தவனை அவர் அதுவரைக்கும் கண்டதில்லை. மனசு இளகியது. கிண்ணத்தைக் கொண்டா என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"மக கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன், தம்பி" என்று எழுந்தார். நாலு மைலும் வெறும் வயிற்றோடு நடந்தார்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னார். முள்ளங்கியைக்கூட விடவில்லை. "பொன்னுச்சாமி பய மறைச்சுட்டான், ஆனா அந்தப் பையன் மறைக்கல பாத்தியா. பொய் பேசத் தெரியாத ஆளு. ரெண்டாந்தாரம்தான், இல்லேங்கல. நீ என்ன சொல்ற?"

கண்மணி கஞ்சியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"அந்தம்மா வரலேன்னா, வரமாட்டேன்னு சொன்னாங்களா? இல்ல, இவரு கூப்பிடலையா?"

கந்தவேலுவின் கை கஞ்சியிலேயே நின்றுவிட்டது. எலும்பு எந்தக் கோழி என்று கேட்டார், காகிதத்தை மோந்து பார்த்தார், அண்டாவின் அடிவரைக்கும் துழாவினார். இதைக் கேட்கவில்லை. அவள் வரவில்லை என்றான், இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். தன்மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"நாளைக்குப் போயிக் கேட்டுட்டு வந்துர்றேன்."

"நானும் வாரேங்கய்யா."

பெண்ணே நேரில் போய் மாப்பிள்ளையைக் கேள்வி கேட்பது எந்த ஊர் வழக்கம் என்று அவர் சத்தம் போட்டுப் பார்த்தார். மறுநாள் அவள் வெள்ளனே எழுந்து, தலை சீவி, போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடையில் வேறு யாரும் இல்லை. குமாரவேல் மாவு பிசைந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் இன்னார் என்று புரிந்து, மாவுக் கையோடு நிமிர்ந்தான். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கக் கந்தவேலுவுக்கே பாவமாக இருந்தது.

"அவங்களை நீங்க வரச்சொல்லிக் கூப்பிட்டீங்களா?" என்றாள் கண்மணி.

அவன் குனிந்து மறுபடி மாவைப் பிசைந்தான். இரண்டு தரம் மடித்து அழுத்தினான். 'கூப்பிட்டேன்' என்று சொன்னால் போதும், விசாரிப்பதற்குக் கடல் தாண்டி யாரும் போகப்போவதில்லை. சொல்லித் தொலையேன்டா என்று கந்தவேலுவின் மனசு, ஒரு பொய்யைக் கேட்டு நம்பிவிட வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தவித்தது.

"கூப்பிடலீங்க" என்றான் குமாரவேல். "கூப்பிட்டா வந்திருப்பா. அவளைக் கூட்டிக்கிட்டுப் பழனியில போயி எறங்குனா சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்களோன்னு எனக்குப் பயம். அந்தக் காகிதத்துல நான் காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டா." கொஞ்சம் நிறுத்தி, மீதியையும் சொன்னான். "கப்பல் கெளம்புற அன்னைக்குத் துறைமுகத்துக்கு வந்தா. கையில அவ பெட்டியும் இருந்துச்சுங்க. ஒண்ணும் கேக்கல. நான் ஏறுற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தா."

அடுப்பில் அண்டா தளதளவென்று கொதித்தது. இவன் ஏமாற்றுக்காரன் இல்லை. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

குமாரவேல் மாவுக் கையைத் தொங்கப்போட்டபடி, "நடந்து வந்திருக்கீங்க. பசியோட இருப்பீங்க" என்றான். சாப்பிடுங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"மறைக்காம சொன்னதுக்கு ரொம்ப சந்தோசங்க" என்றாள் கண்மணி. அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் பசிக்குதுங்கய்யா. வாங்க, வேற எங்கயாச்சும் சாப்பிடுவோம்."