ஓவனில் இருந்த ஏலக்காய்

கல்லூரி வாசலில் ஜெபஷீலாவின் படம் போட்ட ஃபிளெக்ஸ் மாதக்கணக்கில் தொங்கியது. 'எமது வேதியியல் பேராசிரியையின் ஒரே கட்டுரைக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட சைட்டேஷன்' என்று அதில் எழுதியிருந்தது. சைட்டேஷன் என்றால் என்னவென்று தேனி பஸ்ஸில் போகிறவர்களுக்கு எங்கே தெரியும்? கல்லூரி முதல்வர் சுயம்புலிங்கத்துக்கே அரைகுறைதான். முந்நூறு பேர் தங்கள் கட்டுரைகளில் அவள் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். துறைத் தலைவர் பதவி இந்த முறை அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கட்டுரை ஒரு பொடியைப் பற்றியது. உலோகத்தையும் கரிமச் சேர்மத்தையும் கோத்துக் கட்டிய, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பொடி. கரியமில வாயுவை உறிஞ்சும். இந்த வகைப் பொடிகள் பலவும் ஈரக்காற்று பட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயுவைக் கைவிட்டுவிடும். ஜெபஷீலாவின் பொடி மட்டும் அசரவில்லை.

அந்த நேரத்தில்தான் மகாலட்சுமி போன் செய்தாள். பக்கத்தில் கோம்பை ஊர்ப் பெண், கோயம்புத்தூரில் ஆராய்ச்சி மாணவி.

"ஒரு வருசமா உங்க பொடியச் செய்றேன் மேடம். ஈரம் பட்டதும் படுத்துருது. என் கையில சுத்தமில்லன்னு கைடு சொல்றாக. இந்தத் தடவையும் வரலன்னா பிஎச்டிய விட்டுட்டுப் போகச் சொல்லிட்டாக."

"ஊருக்கு வரும்போது இங்கன வா. சேந்து செஞ்சு பாப்போம்."

ஏதாவது சின்னக் கைப்பிசகாக இருக்கும், திருத்தி அனுப்பிவிடலாம் என்றுதான் ஜெபஷீலா நினைத்தாள். மகாலட்சுமி வந்தாள். செய்தார்கள். பொடி படுத்துவிட்டது. அடுத்ததை ஜெபஷீலா தன் கையாலேயே செய்தாள். அதுவும் படுத்தது.

"அப்பவும் இந்த ஓவன்லதான் காய வச்சீகளா மேடம்?"

இல்லை. பழைய ஓவன் மூலையில் கிடந்தது. மகாலட்சுமி அதன் கதவைத் திறந்தாள். இத்தனை நாள் கழித்தும் உள்ளே ஏலக்காய் வாசம்.

ஜெபஷீலாவின் கணவன் பொன்னுராஜுக்குப் போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம். அடைமழையில் காய் நமுத்துப்போகும். வாங்க வருகிறவர்களிடம் காட்டும் சாம்பிளை மட்டுமாவது காய வைத்துக் கொண்டுவரச் சொல்லி அவள் சாப்பாட்டுப் பையில் போட்டு அனுப்புவான். கட்டுரைக்கான வேலை நடந்தபோதும் பழைய ஓவனில் மேல்தட்டில் காய், கீழ்த்தட்டில் பொடி. போடிக்காரியைத் தவிர யாருக்கு இந்தப் புத்தி வரும்?

இருவரும் ஒரு கைப்பிடி ஏலக்காயை மேல்தட்டில் பரப்பிப் பழைய ஓவனிலேயே பொடியைக் காய வைத்தார்கள். பொடி ஈரத்துக்கு அசரவில்லை. காயின் எண்ணெய் ஆவி துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்திருக்கிறது. ஜெபஷீலாவுக்குச் சிரிப்பு வந்தது. மகாலட்சுமியோ அழுதுவிட்டாள்.

"அப்ப என் கையில குறையில்ல மேடம்."

"இல்ல. என் பேப்பர்லதான் குறை."

சுயம்புலிங்கம் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அடுத்த மாசம் தர மதிப்பீட்டுக் குழு வாராக. அதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லாதீக. அந்தப் புள்ளயோட கைடுக்கு மட்டும் விசயத்தக் காதோட சொல்லிருங்க."

ஜெபஷீலாவுக்கும் சபலம் தட்டாமல் இல்லை. ஆனால் காதோடு காதாகச் சொல்லி என்ன பயன்? அச்சில் இருப்பதைத்தான் கைடு நம்புவார். அன்றைக்கே இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

ஃபிளெக்ஸ் இறங்கியது. துறையில் அவளுக்கு அடுத்தபடியாக இருந்த சுரேஷ்கண்ணன் தலைவரானான். அவனை வாழ்த்திவிட்டு வந்த ஜெபஷீலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மகாலட்சுமியின் ஆராய்ச்சி மட்டும் நின்றுபோகாமல் தப்பியது. ஏலக்காயைச் சேர்த்தே செய்முறை எழுதி, இருவர் பெயரிலும் புதிய கட்டுரை வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் ஜெபஷீலா கணினியைப் பார்த்துவிட்டுப் பொன்னுராஜிடம் சொன்னாள். புதிய கட்டுரையை இன்னும் ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை. திரும்பப் பெற்ற பழையதற்கோ எண்ணிக்கை இன்னமும் ஏறிக்கொண்டிருந்தது.

"அம்புட்டுப் பேரு படிச்சிருக்காகளே," என்றான் பொன்னுராஜ், "ஒருத்தருக்குக்கூடவா அது தப்புன்னு தோணல?"

"படிக்கல. மகாலட்சுமி மட்டுந்தான் படிச்சா."