தும்மல் வந்த சுவர்

காலையிலிருந்து வரிசையில் நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. இனி சிறையில் யாரையும் நேரில் பார்க்க முடியாதாம். திரை வைத்திருக்கிறார்கள், அதில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். எல்லாம் உங்கள் வசதிக்குத்தான் என்றார் காவலர்.

சலவைக் கடையில் இஸ்திரி போடும் மருமகள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. தீர்ப்பு வராமலே உள்ளே கிடக்கும் தச்சு வேலைக்கார மகனின் குரலையாவது கேட்கட்டும் என்று, மருமகள் அவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

திரையில் தச்சன் வாயை அசைத்தான். சத்தம் வரவில்லை. அதற்குள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பலமாகத் தும்மினார்கள்.

"எம் புள்ளதான்" என்றாள் மாமியார்.

மருமகள் நம்பவில்லை. சற்றுப் பொறுத்துத் திரையிலிருந்த தச்சன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு தும்மினான்.

அதற்கு மேல் திரை எதற்கு? மாமியார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரில் காதை வைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றது சுவர். அதே பதிலைத் திரை ஊர் சுற்றிவிட்டு வந்து சொன்னது. விஷயம் பரவி, வந்தவர்கள் எல்லோருமே சுவரோடு ஒட்டி நின்று குடும்பக் கதை பேசினார்கள். சுவருக்குக் காது உண்டென்பார்கள். அந்தச் சுவருக்கு வாயும் இருந்தது.

காவலர் ஓடிவந்து, மெஷினில்தான் பேச வேண்டும், சுவரில் பேச அனுமதி இல்லை என்றார்.

"மெஷின் அவன்கிட்ட கேட்டுட்டு வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுதுங்களே" என்றாள் மாமியார்.

காவலர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே போய் மேலிடத்துக்கும் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் போனபோது சுவர் முழுக்கத் தடித்த பலகை அடித்திருந்தார்கள். மாமியார் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

திரையில் தச்சன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். உள்ளே தச்சு வேலை தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானாம். மாட்டேன் என்றால் திரையும் கிடையாது என்றார்களாம். இரண்டு பக்கமும் அவனே அடித்தானாம், நடுவில் பஞ்சு வைத்து.

"எங்கயாவது ஒரு சந்து விட்டிருக்கக் கூடாதா?" என்றாள் மருமகள்.

பதில் வரக் கொஞ்ச நேரமாயிற்று.

"விடணும்னுதான் நெனச்சேன். கை கேக்கல."

மாமியார் எழுந்து, பலகைகள் சேரும் இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே மூலைவரை போனாள். எங்கும் ஒரு பிசிறுகூடத் தட்டுப்படவில்லை.