பிலார் அம்மா வீட்டு மெத்தை

நாற்காலியை எங்கே போடுவது என்று துரைப்பாண்டி வீட்டில் காலையிலிருந்து சண்டை.

"ஹால்லயே போட்டா என்னப்பா? அரை மணி நேரம் பேசிட்டுப் போயிருவா" என்றான் மகன் இசக்கித்துரை.

"அரை மணி நேரமோ அரை நிமிசமோ, சாமி படம் இருக்க எடம்லே" என்றாள் சுந்தரம்மாள். "ஜன்னலுக்கு வெளிய போடு. அங்கன இருந்து பேசுனா இங்கன கேக்காதாக்கும்."

துரைப்பாண்டி மனைவி பக்கம் தீர்ப்புச் சொன்னார். சங்கரன்கோவிலில் உரக்கடை, புளியங்குடியில் எலுமிச்சைத் தோப்பு என்று வசதியாக இருப்பவர். சாதி பார்க்கிறதெல்லாம் அந்தக் காலம் என்று கடையில் தினமும் நாலு பேரிடமாவது சொல்லுவார். கடையில் சொல்வது கடையோடு சரி.

நாற்காலி நிர்மலாதேவிக்கு. காலனியில் இருக்கிறாள், அப்பா பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். கல்லூரியில் ஸ்பானிஷ் படித்து, உதவித்தொகை வாங்கி, ஸ்பெயினில் சலமாங்கா என்ற ஊரில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவள். இப்போது வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு ஸ்பானிஷில் வேலை பார்க்கிறாள். பத்தாம் வகுப்பு வரை இசக்கித்துரையோடு ஒரே பள்ளிக்கூடம்.

அதே ஊருக்குத்தான் இப்போது இசக்கித்துரையும் போகிறான். இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடம் செல்போனைத் தேய்த்தவனுக்கு, 'ஸ்பானிஷ் மொழியும் புதிய கலாச்சார அனுபவமும்' என்று ஏஜென்ட் ஒரு வழி காட்டியிருந்தார். ராயகிரியில் பேசி வைத்திருந்த பெண்வீட்டாரோ, மாப்பிள்ளை வெளிநாடு கிளம்பினால்தான் நிச்சயம் என்று கறாராக நின்றார்கள்.

"புதுக் கலாச்சாரம்லாம் நல்லா அனுபவி மக்கா. நம்ம கலாச்சாரத்த மட்டும் விட்டுராத" என்று துரைப்பாண்டி அறிவுரையும் சொல்லி முடித்துவிட்டார்.

அங்கே தங்குவதற்கு வீடு வேண்டுமே. இசக்கித்துரை நிர்மலாவிடம் போய் நின்றான். தான் தங்கியிருந்த பிலார் அம்மாவிடமே அவள் சொல்லிவைத்தாள். பெற்றோரிடம் வீடியோ காலில் பேசிப் பார்த்துத்தான் இடம் தருவேன் என்றார் அந்த அம்மாள். அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. நிர்மலா மொழிபெயர்க்க வருகிறாள் என்று வீட்டில் சொன்ன இசக்கித்துரை, அவள் இருந்த வீடுதான் அது என்பதை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டான்.

மூன்று மணிக்கு நிர்மலா வந்தாள். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ நிர்மலா" என்றான் இசக்கித்துரை, அவள் முகத்தைப் பார்க்காமல்.

வலித்தது. சலமாங்காவில் முதல் நாள் சமையலறை வாசலிலேயே தயங்கி நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்துச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தவர் பிலார். அவரைக் காக்கவைக்க மனமில்லாமல் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டிவித் திரையில் பிலார் அம்மா சிரித்தபடி தோன்றினார். அவர் பேசுவதை நிர்மலா ஜன்னல் கம்பி வழியாகத் தமிழில் சொன்னாள். இவர்கள் பேசுவதை ஸ்பானிஷில் சொன்னாள். பையன் என்ன சாப்பிடுவான், குளிர் தாங்குவானா என்றெல்லாம் கேட்டுவிட்டு, அவர் அறையைக் காட்டினார். பூப்போட்ட விரிப்புப் போட்ட ஒற்றைக் கட்டில். பக்கத்தில் ஒரு மேசை.

"என்ன சுத்தமா வச்சிருக்கா பாத்தியளா" என்று சுந்தரம்மாளுக்கு மனசு நிறைந்துவிட்டது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது. "ஏம்மா, இவனுக்கு முன்ன அந்தக் கட்டில்ல யாரு படுத்திருந்தாக? நல்ல ஆளுகதானான்னு கேளு."

இசக்கித்துரை தலையைக் குனிந்துகொண்டான். நிர்மலா கேட்டாள். பிலார் அம்மா வாய்விட்டுச் சிரித்துப் பதில் சொன்னார்.

"'இப்ப உங்களுக்குப் பேசித் தாராளே நிர்மலா, அவதான் ஒரு வருசம் இருந்தா. எம் மக மாதிரி'ன்னு சொல்லுதாக."

சுந்தரம்மாள் திரையில் தெரிந்த கட்டிலையே பார்த்தாள். "அந்தக் கட்டில்லயா?"

"அதே கட்டில்தாம்மா. அங்க ஒரு கட்டில்தான் இருக்கு."

துரைப்பாண்டி யோசித்தார். ராயகிரிக்காரர்கள் நாள் குறிக்கக் காத்திருக்கிறார்கள். ஜன்னலருகே வந்து, ஸ்பெயினில் யாருக்காவது தமிழ் புரிந்துவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"மெத்தைய மட்டும் புதுசா மாத்திருவாகளான்னு கேளு பிள்ள. காரணம் ஒண்ணும் சொல்லாண்டாம்."

நிர்மலா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். அவள் அப்பா அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்.

"நீங்க சொல்லுதத அப்படியே சொல்லுதேன் அண்ணாச்சி. அவுக சொல்லுததையும் அப்படியே சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

கேட்டாள். பிலார் அம்மாவுக்கு விளங்கவில்லை. மெத்தையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிறகு மிகவும் தயங்கி ஏதோ கேட்டார்.

"'பையன் தூக்கத்துல படுக்கைய நனைச்சிருவானோ'ன்னு கேக்காக" என்றாள் நிர்மலா.

"அப்பா" என்று எழுந்துவிட்டான் இசக்கித்துரை. "இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

"இல்லன்னா வேற என்ன காரணம்னும் கேக்காக. என்ன சொல்லட்டும் அண்ணாச்சி?"

இத்தனை வருடமாகப் பெருமை என்று கட்டிக் காத்த விஷயத்தை ஒரு வெளிநாட்டுக்காரியிடம் சொல்ல துரைப்பாண்டிக்கு வெட்கமாக இருந்தது. மகனைப் பார்த்தார். சாமி படத்தைப் பார்த்தார்.

"ஆமான்னு சொல்லு" என்றார்.

நிர்மலா சொன்னாள். பிலார் அம்மாவின் முகம் இரக்கத்தில் இளகியது. நெஞ்சில் கைவைத்து நெடுநேரம் பேசினார்.

"'கவலப்படாதீங்க. புது மெத்தை போட்டு, மேல ரப்பர் சீட்டும் விரிச்சுத் தாரேன். இதுக்காக எங்க வீட்டுல யாரும் அவனத் தள்ளி வைக்க மாட்டோம். எங்ககூடவே உக்காந்து சாப்பிடட்டும்'னு சொல்லுதாக."

சொல்லி முடித்து, பிலார் அம்மாவுக்குக் கேட்கும்படி ஸ்பானிஷில் விடை சொன்னாள். நாற்காலியைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.

திரையில் பிலார் அம்மா இசக்கித்துரையைப் பார்த்து இன்னும் ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.