விதி ஒன்று: நீங்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாரும் என்னை நடுநிலையாளர் என்று நம்பி ஏமாற வேண்டாம். மயிலாப்பூரில் இருக்கும் ராஜகோபாலன் என்கிற கணக்குப் பேராசிரியர் என்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். ஒரே எழுத்து: நீ. அதற்கு ஒரு கதையா என்று கேட்பீர்கள். என் அம்மாவும் அதையேதான் கேட்டாள்.

என் பெயர் தமிழ்மொழி. வயது இருபத்திரண்டு. வீடு பட்டினப்பாக்கம், வேலை கே.கே. நகரில் ஜஹனாரா அக்காவின் டி.டி.பி. கடையில், அச்சுக்குப் போவதைக் கணினியில் அடித்துக்கொடுப்பது. ஆனால் கதை என் பக்கத்திலிருந்து வராது. ராஜகோபாலனின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன். அது தப்பு. எவ்வளவு பெரிய தப்பு என்பது நான்காம் பகுதியில் தெரியும்.

2

முதல் முயற்சி:

"ராஜகோபாலன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்."

எழுதிவிட்டு ஐந்து நிமிஷம் நிம்மதியாக இருந்தேன். ஐம்பத்தொரு வயதுப் பேராசிரியரை 'வைத்தான்' என்று எழுத ஒரு கதாசிரியருக்கு முழு உரிமை உண்டு. வாரப் பத்திரிகைக் கதைகளில் கலெக்டரே வந்தான், போனான்தான். யாரும் சண்டைக்கு வருவதில்லை. பிறகு அடித்துவிட்டேன். பழி வாங்குவதென்றால் கொஞ்சம் பெரிதாக வாங்க வேண்டும், ஒரு 'ஆன்' விகுதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டாம் முயற்சி:

"ராஜகோபாலன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் அடிப்படையில் ஒரு"

ஒரு என்ன? நல்லவர் என்று எழுதினால் எனக்கு ஆத்திரம் வருகிறது. கெட்டவர் என்று எழுதினால் பொய். வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். 'ஆர்' மட்டும் இருக்கட்டும்.*

* தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த இம்சையிலிருந்து தப்பவே வழியில்லை. ஓர் ஆள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவருக்கு எவ்வளவு மரியாதை என்று முடிவு செய்தாக வேண்டும்.

3

ராஜகோபாலன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். தொண்ணூற்றாறாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தி. நகரில் அவருடைய தங்கை பையன் சாய்நாத்தின் வீடு. அங்கே ஒரு கணினி, ஒரு மோடம், ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. மோடம் வைத்திருக்கும் யாரும் அந்த எண்ணைச் சுழற்றி ஆழித்துறைக்குள் நுழையலாம்.

ஆழித்துறை என்பது எழுத்தால் மட்டுமே ஆன ஒரு துறைமுகப் பட்டினம். படம் கிடையாது. வருகிறவர் தனக்கென்று ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு, தன் பாத்திரம் என்ன சொன்னது, என்ன செய்தது என்பதை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். அடுத்தவர் வந்து படித்துவிட்டுத் தன் பங்கை அடிப்பார். ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எங்கேஜ்டு.

யார் என்ன பாத்திரமாக வரலாம் என்று தீர்மானிக்கிற வேலை ராஜகோபாலனுடையது. விண்ணப்பத்தில் பெயர், தொழில், மூன்று பலம், மூன்று குறை எழுத வேண்டும். அந்த வாரம் வந்த ஏழில் ஐந்து பேர் அநாதை இளவரசர்கள். ஐந்து பேருக்கும் பழைய நினைவு போயிருந்தது. குறை என்ற இடத்தில் ஒருவர் 'அளவுக்கு மீறிய இரக்கம்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'அழகு'.

"இவாளுக்கெல்லாம் வேற ஒண்ணுமே தோணாதாடா?" என்றார் ராஜகோபாலன். "துறைமுகம்னு பேரு. மூட்டை தூக்க ஒருத்தன் இல்லை. அத்தனை பேரும் சிம்மாசனத்துக்கு க்யூல நிக்கறா."

"ரொம்பத் திருப்பி அனுப்பாதீங்கோ மாமா. அப்பறம் யாரும் வர மாட்டா," என்றான் சாய்நாத்.

ஆறாவது விண்ணப்பத்தில் ராஜகோபாலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெயர்: தேவானை. தொழில்: துறைமுகத்தில் மீன் விற்பவள். பலம்: செதிலைப் பார்த்தே எந்தக் கடல் மீன் என்று சொல்வாள். குறை: ஒருவர் சொன்னதைச் சீக்கிரம் மறக்க மாட்டாள். ராஜகோபாலனுக்கு எழுந்து கை தட்டலாம் போலிருந்தது. (தட்டினாரா என்று எனக்குத் தெரியாது. தட்டியிருக்கலாம் என்று எனக்கு ஆசை.)

ஆனாலும் திருப்பி அனுப்பினார். 'பாத்திரம் அருமை. ஆனால் மீன்காரி இவ்வளவு சுத்தமாகப் பேசுவாளா? கொஞ்சம் காதால் கேட்டுவிட்டு எழுதுங்கள்.'

(இங்கே நான் குறுக்கிட்டே ஆக வேண்டும். பேசுவாள். என் அம்மா முத்தம்மா முப்பது வருஷமாகப் பேசுகிறாள். வீட்டில் இன்னா, கீது எல்லாம் உண்டு. கடையில் வந்து நிற்கிறவர்களிடம், "வாங்கம்மா, வஞ்சரம் இன்னைக்கு நல்லா இருக்கு, பாருங்க" என்பாள். வியாபாரத்துக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சு. நான் எழுதியது வியாபாரப் பேச்சு. இதை அவருக்கு விளக்கியிருக்கலாம். எரிச்சலில் பதினோரு இடத்தில் 'இன்னா'வும் ஆறு இடத்தில் 'கீது'வும் செருகி அனுப்பினேன்.)

பதில் உடனே வந்தது. 'இப்போதுதான் உயிர் வந்தது. நீங்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறீர்கள்!'

4

ஆழித்துறைக்கு முப்பத்தொரு விதிகள். எல்லாம் ராஜகோபாலன் எழுதியவை. எங்கேஜ்டாக இருந்தால் பத்து நிமிஷம் கழித்துத்தான் மறுபடி சுழற்ற வேண்டும் என்பது வரை உண்டு. உங்களுக்கு இரண்டு போதும்.

விதி ஒன்று. பாத்திரங்கள் ஒருவரையொருவர் எப்படியும் அழைக்கலாம். விளையாடுகிறவர் ஒவ்வொருவரும் எப்போதும் 'நீங்கள்'.

விதி ஏழு. பிறர் பாத்திரத்தின் கையை, வாயை, மனத்தை நீங்கள் அசைக்கக் கூடாது. உங்கள் பாத்திரம் செய்ததை எழுதிவிட்டுக் காத்திருங்கள்.

ஏழாம் விதியை நான் இப்போது மூன்று பகுதிகளாக மீறிக்கொண்டிருக்கிறேன். அவர் டம்ளரை வைத்தேன், முதுகை நிமிர்த்தினேன். தெரிந்தேதான் செய்கிறேன்.

ஒன்றாம் விதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராஜகோபாலனின் பாத்திரம் துறைத் தலைவர். அவர் தேவானையை "ஏ மீன்காரி, தள்ளி நில்" என்பார். தேவானை பதிலுக்கு வாங்கு வாங்கென்று வாங்குவாள். அன்றைய பங்கு முடிந்ததும் அவர் கீழே அடைப்புக்குறிக்குள் எனக்கு ஒரு வரி எழுதுவார்: 'இன்று நீங்கள் பிரமாதப்படுத்திவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு வருவீர்கள் அல்லவா?' எட்டு மாதம், வாராவாரம். நான் ஞாயிற்றுக்கிழமை கடைச் சாவியை வாங்கிக்கொண்டு, அங்கிருக்கும் மோடத்துக்காக கே.கே. நகருக்குப் பஸ் ஏறியது கப்பலுக்காகவும் கொள்ளைக்காரர்களுக்காகவும் இல்லை. அந்த அடைப்புக்குறிக்காகத்தான். என் வாழ்நாளில் யாரும் என்னை அத்தனை தடவை நீங்கள் என்று சொன்னதில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

5

எட்டாம் மாதம் யாருக்கோ ஒரு யோசனை தோன்றியது. எல்லோரும் நேரில் சந்திக்கலாமே. பாண்டி பஜாரில் ஒரு ஓட்டல் மாடி. பதினோரு பேர். ராஜகோபாலன் ஒவ்வொருவர் சட்டையிலும் குத்திக்கொள்ளப் பாத்திரத்தின் பெயரெழுதிய அட்டை கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே ஒரு நோட்டில் அவரவர் சொந்தப் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

அடையாறிலிருந்து மாளவிகா என்று ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தாள். என் வயதுதான். ஊரையே நடுங்க வைத்த கடற்கொள்ளைக்காரன் அவள்தான் என்று தெரிந்ததும் ராஜகோபாலனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நீங்களா அந்தப் பாவி? என் பண்டகசாலையைக் கொளுத்தினேளே."

அடுத்தது நான்.

"அடடே, தேவானை. வாங்கோ, வாங்கோ. நீங்க எப்படி இருப்பேள்னு நான் சாய்நாத்கிட்ட சொல்லிண்டே இருப்பேன். அந்தப் பாஷையை எங்க பிடிச்சேள்?"

"அம்மாகிட்டேருந்து சார்."

"அம்மா என்ன பண்றா?"

"மீன் விக்கிறாங்க. பட்டினப்பாக்கத்துல."

ராஜகோபாலன் ஒரு கணம் பேசவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அப்படியா. நீ சொல்லவே இல்லையே. உக்காரு, உக்காரு. என்ன சாப்பிடறே?"

திரும்பி மாளவிகாவிடம் கேட்டார்: "நீங்க என்ன சாப்பிடறேள்?"

நடந்தது இவ்வளவுதான். யாரும் கவனிக்கவில்லை. நான் ஒரு சாம்பார் வடை சாப்பிட்டேன். அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பன்னிரண்டரை மணிக்குக் கிளம்பிவிட்டேன்.

6

இப்போது கதாசிரியரின் வேலை அந்த ஒரு கணத்துக்குள் நுழைவது. நுழைந்து பார்த்தேன்.

"ராஜகோபாலனுக்கு அந்தப் பெண்ணின் மேல் சட்டென்று ஒரு வாஞ்சை வந்தது. அவருடைய மகள் நீரஜாவுக்கும் இதே வயது. வாஞ்சை வந்தால் நீங்கள் போய் நீ வருவது" சரி, சரி. மாளவிகாவுக்கும் இதே வயது. அங்கே வாஞ்சைக்கு என்ன கேடு? (ஆனால் நான் என் அம்மாவைக் 'கேட்டாள்' என்றுதான் எழுதியிருக்கிறேன். அதில் மரியாதைக் குறைவு இல்லை. இதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.)

"பட்டினப்பாக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜகோபாலனின் நாக்கு, அவரைக் கேட்காமலேயே, ஒரு படி கீழே" இதை எழுதும்போது கை நன்றாக ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்து நிறுத்தினேன்.

"ராஜகோபாலனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மீன்காரியின் மகளுக்கே மீன்காரி எப்படிப் பேசுவாள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோமே! அந்தக் கூச்சத்தை மறைக்க, சொந்தக்காரப் பெண்ணிடம் பேசுவதுபோல்" இது எனக்குப் பிடித்த காரணம். பிடித்திருக்கிறது என்பதற்காக நடந்ததாகிவிடுமா?

அம்மாவிடம் சொன்னேன். அவள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீன்னு சொன்னா இன்னா இப்போ? எங்கிட்ட வாங்கறவங்க அல்லாரும் நீன்னுதான் சொல்றாங்கோ."

"அதாம்மா விசயமே."

"இன்னா விசயம்? அதுக்கா ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற? புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வா."

கேட்கலாம். கேட்டால், "அப்படியா சொன்னேன்?" என்பார். நிஜமாகவே அவருக்கு நினைவிருக்காது. அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு நான் ஆழித்துறைக்குப் போகவில்லை. அங்கே இப்போது தேவானையின் முறை. துறைத் தலைவர் ஏதோ கேட்டிருப்பார், அவள் பதில் சொல்லாமல் கூடையோடு படித்துறையில் நிற்பாள். அறுபது நாள் எழுதாத பாத்திரம் கப்பலேறிப் போய்விட்டதாக அறிவித்துவிடுவார்கள். அது விதி இருபத்து நான்கு. இந்தப் பகுதியை எழுதும்போது நாள் ஐம்பத்தாறு. போனால் அந்த நீயை விழுங்கிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால் தேவானை இல்லை. அவளைவிட நல்லதாக நான் எதையும் உண்டாக்கியதில்லை.

7

ஐம்பத்தேழாம் நாள், திங்கட்கிழமை. அச்சகத்துக்கு ப்ரூஃப் கொடுத்துவிட்டு மத்தியானம் கடைக்குத் திரும்பினேன்.

"தமிழு, உனக்கு ஒரு போன் வந்துச்சு," என்றாள் ஜஹனாரா அக்கா. "மயிலாப்பூர்லேர்ந்து. ராஜகோபாலனாம்."

"என்ன கேட்டாரு?"

"நீ இருக்கியான்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்புறம் பண்றேன்னு வெச்சிட்டாரு."

"அப்படியா கேட்டாரு அக்கா? இருக்காங்களான்னா, இருக்காளான்னா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதையெல்லாம் யாரும்மா கவனிப்பாங்க?"

"கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்களேன்."

அவள் நிஜமாகவே யோசித்தாள். ஜஹனாரா அக்காவுக்கு அச்சுப்பிழை பார்க்கிற காது. "'தமிழ்மொழி இருக்காளா'. ஆமா. இருக்காளாதான்."

தீர்ந்தது என்று நினைத்தேன். இருக்காளா. அவள். கணினியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தேவானை கப்பலேறட்டும், எனக்கென்ன.

அன்றைக்கு அடிக்க வேண்டியிருந்தது ஒரு சபா நாடகப் பிரதி. கல்யாண வீட்டுக் காட்சி. வீட்டுக்காரர் மனைவியிடம் கேட்கிறார்: "சம்பந்தியாத்து மாமா வந்துட்டாரா? பெரியவாள்ளாம் சாப்பிட்டாளா? வாத்தியார் மாமி உள்ளே இருக்காளா?" அடித்துக்கொண்டே போனவள் நின்றேன்.

பெரியவர்கள் சாப்பிட்டாளா. ராஜகோபாலன் மாதிரியானவர்கள் வீட்டில் 'அவாள்' என்பது மரியாதை. நாம் இருக்காங்களா என்று கேட்பதை அவர்கள் இருக்காளா என்று கேட்பார்கள். 'அவள் இருக்கிறாளா' என்பதையும் அதே இருக்காளாதான் சொல்லும். இரண்டுக்கும் ஒரே ஓசை. ஓட்டலில்கூட என் அம்மாவை அவர் "என்ன பண்றா" என்றுதான் கேட்டார். அது எந்த 'றா'?

ஆக, ஐம்பத்தேழு நாளாக நான் காத்திருந்த பதில் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

8

முடிவு, முதல் முயற்சி:

"ராஜகோபாலன் ரிசீவரைக் கையிலெடுத்தபோது அவர் மனத்தில் இருந்தது"

இல்லை. இதை எழுத மாட்டேன். டம்ளர், முதுகு, நாக்கு எல்லாவற்றையும் அசைத்துவிட்டேன். அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மனத்தை அசைக்க மாட்டேன். விதி அவருடையதுதான், ஆனால் நல்ல விதி.

அதனால் உங்களிடம் விடுகிறேன். இது அச்சாகி வரும்போது அறுபதாம் நாள் தாண்டியிருக்கும். நான் சாவியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேனா இல்லையா என்பது நடந்து முடிந்திருக்கும். அதைச் சொல்லப் போவதில்லை. நீங்கள் ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது, உங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே, அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

தமிழ்மொழி இருக்காளா?

கேட்டது அவளையா, அவர்களையா? அவர்களை என்றால் தேவானை ஆழித்துறையில் இருக்கிறாள். அவளை என்றால் கப்பல் போய்விட்டது.