ஸ்வீடன் வரை திறந்த வாசல்

குன்டோரோ பார்மினுக்குத் தர வேண்டியது பதின்மூன்று லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபியா. சந்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் அரிசான் சீட்டில் பார்மினின் மனைவி ருமியாத்திக்கு விழுந்த பணம் அது. அடுப்படிக்கு மேலே உடைந்துகிடந்த கூரைத் தகடுகளை மழைக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று வைத்திருந்தார்கள். ரெண்டே வாரம் என்று சொல்லி வாங்கிப்போனவன் குன்டோரோ. மூன்று மாதம் ஓடிவிட்டது. சுரபாயாவுக்கு மேலே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது.

வேலை என்று ஒன்றைச் செய்து குன்டோரோவை யாரும் பார்த்ததில்லை. ஆனால் தொழில் என்று ஒன்றைத் தொடங்காத பருவமும் கிடையாது. பீப்பாயில் கெளுத்தி மீன் வளர்த்தான், செத்தது. மண்புழு வளர்த்தான், அதுகூட அவனிடம் தங்கவில்லை. இப்போது பார்மினின் பணத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் கோட்டை கட்டுகிற ஒரு விளையாட்டை ஏற்றி வைத்து, உலகமெல்லாம் உள்ளே வந்து விளையாட, ஆளுக்கு மாதாமாதம் கட்டணம் வாங்கப்போகிறானாம்.

சந்தையில் வெங்காய மூட்டை இறக்கிவிட்டு, எரிகிற தோளோடு பார்மின் அவன் வீட்டுக்குப் போனான்.

"சாக், தகடுக்காரன் விலை ஏத்திட்டான். காசு?"

ஊரில் மூத்தவனைச் சாக் என்றுதான் கூப்பிட வேண்டும், மூத்தவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும்.

"உக்காருடா மின். வாசல் தொறந்தா காசு தானா வரும்."

"எந்த வாசல்?"

"ரவுட்டர்ல போர்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. அது மூடிக்கிடந்தா வெளியாள் நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வர முடியாது. அதைத் தொறக்கணும். நான் தொறக்க மாட்டேன், இவன் தொறப்பான்."

திரையில் இருந்த செயற்கை அறிவு உதவியாளனைத்தான் காட்டினான். ரவுட்டரின் கடவுச்சொல்லை அதனிடமே கொடுத்திருந்தான். 'போர்ட்டைத் திற' என்று தட்டினான். அது நீளமாக ஏதோ பதில் எழுதி, தொடரட்டுமா என்று கேட்டது. குன்டோரோ 'தொடர்க' என்பதை அழுத்தினான். மறுபடி நீளமாக எழுதியது. மறுபடி அழுத்தினான்.

"இவ்ளோ எழுதியிருக்கே, படிக்க வேணாமா?"

"வேலைக்காரன் பேசறதையெல்லாம் எந்த முதலாளி உக்காந்து கேப்பான்?"

மூட்டை தூக்குகிறவனிடமே இதைச் சொல்கிறோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. உதவியாளன் கொடுத்த முகவரியை எடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் கூடும் தளங்களில் எல்லாம் ஒட்டினான். பெருமைக்காகச் சந்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டான்.

அன்று சாயங்காலமே ஆட்கள் வந்துவிட்டார்கள். வைக்கிங், ஸ்டாக்ஹோம் சிங்கம் என்று திரையில் பெயர்கள் ஓடின. "ஸ்வீடன்காரன்டா மின்!" என்று கத்தினான் குன்டோரோ. முதல் வாரம் இலவசம், சனிக்கிழமையிலிருந்து காசு என்று அறிவித்தான். அந்த வாரம் முழுக்க அவன் கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் நடந்தான். கடனைக் கேட்டால், டாலரில் வேண்டுமா ரூபியாவில் வேண்டுமா என்று திருப்பிக் கேட்டான்.

சனிக்கிழமை கட்டண அறிவிப்பு போனது. அடுத்த நிமிடமே ஸ்வீடன் காலி. அன்றைக்கே முதல் மழையும் பெய்தது.

ஞாயிறு காலை பார்மின் தேடிப்போனபோது, சந்து முனைக் காப்பிக் கடையில் ஓஜெக் என்கிற வாடகை பைக் ஓட்டுகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்து குன்டோரோ உதவியாளனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் இவன் பண்ண வேலை. வாசலை ஒழுங்காத் தொறக்கல. ஊரே கேக்கட்டும்!" அதே உதவியாளன் இருந்த தன் போனைக் கடையின் பாட்டுப் பெட்டியில் செருகினான். "சொல்றா, ஏன் தொறக்கல?"

பெட்டி மரியாதையாகப் பேசியது. "ஐயா, நீங்கள் கேட்ட போர்ட்டை முதல் நாளே திறந்துவிட்டேன். ஆனால் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது, அது நம் கையில் இல்லை என்று அன்றே எழுதினேன். தொடர்க என்றீர்கள். இந்த முகவரி அந்த முன் ரவுட்டரில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பயன்படும் என்றும் எழுதினேன். அதற்கும் தொடர்க என்றீர்கள்."

முன்னால் இருக்கும் ரவுட்டர் சந்துத் தலைவர் வீட்டில் இருக்கிறது. அங்கிருந்துதான் எல்லா வீட்டுக்கும், இந்தக் கடைக்கும், சாக்கடை ஓரமாகக் கம்பி போகிறது. மாதாமாதம் பங்குக் காசு கட்டுவது சந்துக்கே தெரியும். கட்டாமல் இழுத்தடிக்கும் குன்டோரோவுக்கும் தெரியும். சொந்தமாக மினுக்குகிற ஒரு ரவுட்டர் பெட்டி வாங்கியதும் இன்டர்நெட்டே தன் வீட்டில் பிறப்பதாக நினைத்துவிட்டான்.

"அப்போ ஸ்வீடன்காரன்?" என்றான் பார்மின்.

ஓஜெக்காரர்களில் ஒருவனான பச்சைச் சட்டை மத்தாலிக்கு வாழைக்காய் பஜ்ஜி தொண்டையில் சிக்கியது. "நான்தான் சாக், ஸ்டாக்ஹோம் சிங்கம்."

"வைக்கிங் நானு," என்றது இன்னொரு குரல். "சவாரி வர்ற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கோம்!"

கடை குலுங்கிச் சிரித்தது. "காசுன்னதும் ஓடிட்டீங்களேடா!" என்று குன்டோரோ எகிறினான்.

"நாங்க என்ன ஸ்வீடன்காரனா, காசு குடுக்க?"

பார்மின் மட்டும் சிரிக்கவில்லை. "சாக், எங்க அடுப்புல தண்ணி நிக்குது," என்று சொல்லிவிட்டு நேராகக் குன்டோரோ வீட்டுக்குப் போனான். கம்பிகளைப் பிடுங்கிக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தோளில் ஏற்றினான். வெங்காயத்தைவிட இது லேசு.

"ஏய் மின்! என் தொழில்டா அது!"

"மண்புழுவுக்கும் இதத்தான் சொன்னீங்க."

பழைய சாமான் கடைக்குப் போகிறவனைச் சந்து முனையில் மத்தாலி மறித்தான். "எங்க தூக்கிட்டுப் போறே? என் கோட்டை அதுக்குள்ளதான் இருக்கு! ஒரு வாரம் கட்டினேன்யா!"

"எனக்குக் கூரை இல்ல. உனக்குக் கோட்டையா? பதின்மூணே முக்கால் லட்சம் எடு, இறக்கி வெக்கிறேன்."

"பழைய கடைக்காரன் எட்டு லட்சம்கூடத் தர மாட்டான்."

"அவன் கோட்டை அதுல இல்லையே."

ஓஜெக்காரர்கள் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். ஒருவனை ஒருவன் திட்டிக்கொண்டே பத்துப் பேரும் பைகளைத் துழாவினார்கள். பத்தாததற்குக் காப்பிக்கடைக்காரியிடம் கைமாற்று வாங்கினார்கள். பெட்டி கடையிலேயே இருக்கட்டும், இங்கிருக்கிற கம்பியே நமக்குப் போதும் என்று முடிவானது. கசங்கிய தாள்கள் பார்மின் கைக்கு வந்தன.

பின்னாலேயே ஓடிவந்த குன்டோரோ மூச்சிரைக்க நின்றான். "டேய், யோசனை என்னோடது. எனக்கு ஒரு கமிஷனாவது..."

மத்தாலி தட்டில் மிஞ்சியிருந்த பஜ்ஜியை எடுத்து அவன் கையில் வைத்தான். அவன் வாங்கிக்கொண்டான், தின்றும் விட்டான்.

பார்மின் தாள்களை எண்ணி முடித்தான். ஒன்றும் குறையவில்லை. "நம்ம கணக்கு முடிஞ்சுது சாக்," என்று சொல்லிவிட்டு, மழை பிடிப்பதற்குள் தகடுக்கடையைப் பார்த்து நடந்தான்.