சாய்க்காமல்

ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் லிஃப்டுக்குள் போய்விட்டது. கால்பக்கம் வெளியே நின்றது. லிஃப்டுக் கதவு வந்து தில்லைநாதனின் பாதத்தில் தட்டிவிட்டுத் திரும்பிப் போனது. மறுபடியும் வந்தது. மங்கலம் குனிந்து புருஷனின் பாதங்கள் மேல் கையை வைத்துக்கொண்டாள். மூன்றாவது முறை கதவு அவள் கையில் இடித்தது.

ஐந்து பேர் நெருக்கி நிற்கிற லிஃப்டு. காலையில் கீழே அதன் வாசலில்தான் காவலாளி பக்கிரி அவர்களை மறித்தார். ‘அலுவலர்களுக்கு மட்டும்’ என்ற பலகையைக் காட்டினார். பக்கத்து லிஃப்டு ரிப்பேர். இவருக்கு மூச்சு வாங்கும்ப்பா என்று மங்கலம் சொல்லிப் பார்த்தாள். எனக்கும்தான் வாங்குது, நானும் படியிலதான் ஏறுறேன் என்றார் பக்கிரி. அது பொய்யில்லை.

கடலூரில் எல்லா ஆபீசையும் ஒரே இடத்தில் கொண்டுவருகிறோம் என்று கட்டிய ஏழு மாடிக் கட்டடம். அவர்கள் போக வேண்டிய பிரிவு ஆறாவது மாடியில். மூன்றாவது மாடியில் தில்லைநாதன் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

“ஏ புள்ள, ஆறாவது மாடியிலேர்ந்து பாத்தா நம்ம வாய்க்கா தெரியுமா?”

“கடலூர்லேர்ந்து சிதம்பரம் தெரியுதாக்கும். பேசாம ஏறுங்க.”

ஐந்தாவது மாடிக்கு மேலே படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்தார். மனு இருந்த பிளாஸ்டிக் பையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு நிமிர்வதற்குள் தலை சுவரில் சாய்ந்திருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். டாக்டர்தான் சொல்லணும் என்று சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடத்தி பெல்ட்டைப் போட்டு, ஐந்தாவது மாடி லிஃப்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மஞ்சக்குப்பத்தில் டூவீலர் மெக்கானிக்காக இருக்கிற அவள் தம்பி கார்த்திகேசன், போன் போட்டதும் கிரீஸ் கையோடு ஓடி வந்திருந்தான்.

ஆறாவது மாடிக் கண்காணிப்பாளர் தானே இறங்கி வந்து லிஃப்டை நிறுத்திவைக்கச் சொன்னார். காலையில் கிடைக்காத லிஃப்டு இப்போது அவர்களுக்காகக் காத்திருந்தது. அதில் ஸ்ட்ரெச்சர் அடங்கவில்லை. அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார்.

“பெல்ட் போட்டிருக்குல்லம்மா. அப்படியே நிமித்தி நிறுத்திப் புடிச்சிக்கிட்டா ஒரு நிமிஷத்துல கீழ போயிடலாம். பின்பக்க கேட்ல ஆம்புலன்ஸ் நிக்கிது. யாருக்கும் தொந்தரவில்ல.”

“அக்கா, சரின்னு சொல்லிடு” என்றான் கார்த்திகேசன். “அஞ்சு மாடி. மாமா நல்ல கனம்.”

மங்கலம் தம்பியைப் பார்த்தாள். நான்கு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் அவனும்தான் வாய்க்காலில் நின்றான். தில்லைநாதனின் அம்மாவைத் தூக்கிப்போன நாள். ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் வாய்க்கால். பாலம் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் ஒருத்தனுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது. கிழவி தண்ணீரில் சரிந்து போனாள். பெற்ற தாயை மகனே முங்கித் தேடி எடுத்துவந்தார். அடுத்த திங்கட்கிழமையே முதல் மனுவோடு கடலூர் பஸ் ஏறினார்.

அதோடு சேர்த்து இதுவரை பத்து மனு. கடலூரில் கொடுத்தது சிதம்பரத்துக்குப் போகும், அங்கிருந்து ஊருக்கு வரும், வந்த வழியே திரும்பிப் போகும். கடைசியில் தில்லைநாதனின் போனுக்கு மெசேஜ் வரும். தீர்வு காணப்பட்டதாம் புள்ள, போயி பாலம் நிக்கிதானு பாத்துட்டு வா என்பார். நேற்று ராத்திரி பதினோராவது மனுவை எழுதினார்.

“இவர நிமித்தாதீங்க” என்றாள் மங்கலம்.

கண்காணிப்பாளருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போல. குனிந்தார்.

“நாலு வருஷமா ஒவ்வொரு மேசை முன்னாடியும் நிக்க வெச்சீங்க. செத்தும் நிக்கணுமா அவரு? படுத்துக்கிட்டுத்தான் போவாரு. படியில எறக்குங்க.”

“அம்மா, கீழ மனு குடுக்க எரநூறு பேரு ஒக்காந்திருக்காங்க. பாத்தா என்ன நெனப்பாங்க?”

“பாக்கட்டும்.”

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர், கார்த்திகேசன், மூன்று பேர்தான். நான்காவது ஆளுக்கு வராந்தாவில் நின்றவர்கள் எல்லோரும் வேறு யாரையோ பார்த்தார்கள். மேலே ஏறி வந்து மூச்சிரைக்க நின்றிருந்த பக்கிரி தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். கால்பக்கம் ஒரு மூலையைப் பிடித்தார்.

முன்னால் இறங்கியவர்கள் தோளுக்கு மேலே தூக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் முதுகு வளைத்து முழங்கால் உயரத்தில் பிடித்தார்கள். மங்கலம் சுவரோரமாகக் கூடவே இறங்கினாள். சாயுது, இந்தப் பக்கம் ஒசத்து என்பதைத் தவிர வேறு பேசவில்லை. திருப்பங்களில் ஸ்ட்ரெச்சர் திரும்பாமல் கைப்பிடிக்கு மேலே தூக்கிச் சுற்ற வேண்டியிருந்தது. நான்காவது மாடியில் டிபன் பாக்ஸோடு வந்த ஒரு பெண் அப்படியே நின்றாள். இரண்டாவது மாடியில் மனுவோடு ஏறிவந்த ஜனங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றினார்கள். அதில் ஒருவர் மனுவை மடித்துப் பையில் வைத்துவிட்டு பக்கிரியிடமிருந்து மூலையை வாங்கிக்கொண்டார்.

கீழ்க் கூடத்தில் இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். மைக் மட்டும் டோக்கன் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

லிஃப்டில் வந்த ஆறாவது மாடிக் குமாஸ்தா அவர்களுக்கு முன்பே வாசலில் நின்றான். மேலே தவறவிட்ட பிளாஸ்டிக் பையை மங்கலத்திடம் நீட்டினான். மனுவின் மேல் ‘பெறப்பட்டது’ என்ற சீல் இன்னும் காயவில்லை.

“அடுத்த திங்கக்கெழம வந்து பாருங்க” என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

“வரேன்” என்றாள் மங்கலம்.

மறுநாள் மத்தியானம் ஊரில் பாடை கிளம்பியதும் பெண்கள் வழக்கம்போலத் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். மங்கலம் நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பாமல் கரை வரைக்கும் போனாள்.

நான்கு பேர் பாடையோடு வாய்க்காலில் இறங்கினார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பாடையைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். நட்ட நடுவில் கார்த்திகேசன் நின்றான். திரும்பிப் பார்க்க முடியாது. முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

“அக்கா, சாயுதா?”

“இல்ல” என்றாள். “போ.”