சீட்டில் இல்லாத வேலை

விடியுமுன்பே தோல் பதனிடும் டிரம்மைத் திறந்துவிட்டார்கள். குரோம் கலந்த நீலத் தண்ணீர் கொட்டியது. உள்ளேயிருந்து இழுத்துப் போட்ட ஈரத் தோல்களை மோகனா அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென டிரம் ஆள் சமீருல்லா நெஞ்சைப் பிடித்துக் குந்தினார். அவர் மூச்சில் விசில். போன ஐப்பசியில் அவள் கணவன் பாண்டியனின் கடைசி மூச்சும் இப்படித்தான் கூவியது.

"புது மருந்து இன்னா ஆச்சு, பாய்?"

"மூணு மாசம் குடுத்தாங்க, மாடி ஏறினேன். இப்ப இல்லைங்கறாங்க."

மருந்து கொடுத்தது தோல் முதலாளிகளின் அறக்கட்டளை மருத்துவமனை. பட்டியலிலுள்ள மருந்து மட்டுமே இலவசம். புதியதைச் சேர்ப்பதா என்று அன்று கமிட்டி கூடியது. மோகனா பாதி வேலையில் அங்கே கிளம்பினாள்; சமீருல்லாவும் வந்தார்.

மருந்தாளர் ரோஷினி கோப்போடு கமிட்டி அறைக்கு வெளியே நின்றாள்.

"மருந்து கேக்குதுக்கா. பதினோரு பேருக்குக் குடுத்தோம், எட்டு பேருக்கு இளைப்பு கம்மி. ஒருத்தருக்குப் படபடப்பு, நிறுத்திட்டோம். எல்லாத்தையும் எழுதிட்டேன். ஆனா எத்தினி பேருக்கு வேணும்னு கேக்கறாங்க. ரிஜிஸ்டர்ல தோல் வேலைன்னு நாலே பேர்."

கதவு திறந்தது. அறக்கட்டளைத் தலைவர் கிருஷ்ணராஜ். இவர்களுக்கு முதலாளியும் அவர்தான்.

"ஷிப்ட் நேரத்துல இங்க இன்னா வேலை?"

"மருந்துக்கு வந்தோம் சார்."

"நாலு பேருக்காகப் பட்டியல்ல ஏத்த முடியுமா? இது பீடி இளைப்பு."

"எங்க வீட்டுக்காரர் பீடியே தொட்டதில்ல."

"ரிஜிஸ்டர் அப்படிச் சொல்லலையேம்மா."

மோகனாவுக்கு உறைத்தது. டிரம் வேலை என்று எழுதினால் நோயாளி என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள்; மருத்துவமனையில் சீட்டுப் போடுகையில் 'கூலி' என்றே சொல்லுங்கள் என்பார் மேஸ்திரி. பாண்டியனுக்கு ஒன்பது முறை சீட்டுப் போட்டவள் அவள். ஒன்பது முறையும் 'கூலி' என்றாள்.

"திருத்தலாமா, ரோஷினி?"

"அவங்கவங்க வந்து சொல்லணும். உயிரோட இல்லாதவங்களுக்கு வீட்டுக்காரங்க சொல்லலாம். வெள்ளிக்கிழமை கமிட்டி மறுபடி கூடுது."

சாயங்காலம் தோல் ஷாப் வாசலில், சீட்டில் டிரம் வேலை என்றே சொல்வதா என்று பேச்சு எழுந்தது.

"வேலை பூட்டா இன்னா பண்றது?" என்றான் இன்னொரு டிரம் ஆள் சதீஷ்குமார்.

"எல்லாரையும் நிறுத்தினா, தோலை முதலாளியே இழுக்கட்டும்," என்றாள் மோகனா.

சமீருல்லா இருமலுக்கிடையே சிரித்தார். "எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகையிலகூட பிசினஸ்னு போட்டுக்கிட்டேம்மா. இனி மறைச்சு இன்னா?"

வியாழன் காலை மருத்துவமனைச் சீட்டு ஜன்னல் முன் நாற்பது பேர். விரலிடுக்குகளில் நீலம். மேஸ்திரி ஒவ்வொரு முகமாகக் குறித்துக்கொண்டிருந்தார். யாரும் வரிசையை விட்டு விலகவில்லை.

"பேர்?"

"பாண்டியன். இறந்துட்டாரு."

எழுத்தர் நிமிர்ந்தார். "தொழில்?"

மோகனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தோல் ஷாப். டிரம் வேலை. பத்தொன்பது வருஷம்."

பின்னால் விசிலோடு ஒரு குரல்: "சமீருல்லா. டிரம்."

அதற்கும் பின்னால், கேட்காமலே: "சதீஷ்குமார். டிரம்."